பெரியப்பாவின் கல்வெட்டு

2023 ஓகஸ்ட் 6, ஞாயிறு. வெள்ளவத்தை

பெரியப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்னும் நினைவு மலரை எழுதி அச்சிடும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அவருடைய மூத்த மகன் ரொறன்ரோவிலும் மகள் லண்டனிலும் இருக்கிறார்கள். எழுதுகிறவனே அச்சையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருவரும் தொலைபேசியில் பேசி முடிவு செய்துவிட்டார்கள். இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவை ஊரிலேயே ஒரு பண்டிதர் எழுதித் தருகிறார். சிவபுராணமும் தேவாரங்களும் அச்சகத்தில் ஆயத்தமாக இருக்கின்றன. எஞ்சியிருப்பது வாழ்க்கை வரலாறு.

ரொறன்ரோ அண்ணா அனுப்பிய குறிப்பில் "சமூகச் சுடர்", "கருணைக் கடல்", "கொடை வள்ளல்" என்ற பட்டங்கள் வரிசையாக இருந்தன. கொடுப்பதற்குப் பெரியப்பாவிடம் ஒருநாளும் பணம் இருந்ததில்லை. பதினெட்டுப் பரப்புச் செம்மண் தோட்டமும் ஒரு கிணற்றில் பங்கும்தான் அவருடைய சொத்து. பட்டங்களை எல்லாம் நீக்கிவிட்டு எழுதத் தொடங்குவதாக அண்ணாவுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வரவில்லை.

2023 ஓகஸ்ட் 9, புதன்

கிணற்றிலிருந்து தொடங்குவதே முறை என்று தோன்றுகிறது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர யாழ்ப்பாணக் குடாநாட்டில் சொல்லிக்கொள்ள ஓர் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக நிற்கிறது. அதைத்தான் வலிகாமத்துத் தோட்டக்காரர்கள் துலா மிதித்தும், பின்னர் மெஷின் வைத்தும் இறைத்தார்கள். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். சுன்னாகத்துக்கு அப்பால் இருக்கும் எங்கள் ஊரில் ஏழு குடும்பங்களுக்கு ஒரே கிணறு. காணி உறுதிப் பத்திரத்தில் ஒவ்வொருவருடைய பங்கும் இறைப்பு முறையும் எழுதப்பட்டிருந்தாலும், வெயில் ஏறும் மாதங்களில் உறுதியை எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. கைகலப்பாகி வழக்காடப் போனவர்களும் ஊரில் உண்டு.

பெரியப்பா ஒரு கொப்பியில் முறைகளை எழுதி வைத்தார். எவருடைய முறை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, மெஷின் பழுதானால் இழந்த நேரம் யாருக்கு எப்படி ஈடு செய்யப்பட்டது என்பதெல்லாம் அதில் இருந்தன. கிணற்றின் அடி தெரியத் தொடங்குமுன் மெஷினை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் வைத்த கட்டளை. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் செத்தல் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்து, எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் கல்வீடு கட்டத் தொடங்கிய காலத்தில், இன்னும் ஒரு முறை இறைத்தால் இன்னும் நாலு மூட்டை என்ற கணக்கு எல்லோருடைய மனத்திலும் ஓடியது. அந்த நேரத்தில்தான் அவருடைய கொப்பி மிகவும் வெறுக்கப்பட்டது.

வெறுத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். புகையிலைக் கன்றுகள் வாடுகின்றன, ஒரு இரவு மட்டும் விட்டுத் தாருங்கள் என்று கேட்ட சொந்தத் தம்பிக்குப் பெரியப்பா மறுத்துவிட்டார். அந்த முறை ஒரு கைம்பெண்ணுடையது; அவர் சம்மதித்தாலும் தான் சம்மதிக்கப் போவதில்லை என்று சொன்னாராம். அண்ணனும் தம்பியும் அடுத்த சித்திரை வருடப்பிறப்பு வரை பேசிக்கொள்ளவில்லை. அப்பா இதைக் கடைசிவரை கோபத்தோடுதான் சொன்னார். அந்தப் பெண்ணே சம்மதித்தாலும் விடமாட்டேன் என்றதில் நியாயத்தோடு கொஞ்சம் பிடிவாதமும் கலந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன். கல்வெட்டில் இந்தச் சம்பவம் வரவேண்டும்.

2023 ஓகஸ்ட் 13, ஞாயிறு

பெரியம்மாவோடு நெடுநேரம் பேசினேன். கூட்டுறவுச் சங்கம், சனசமூக நிலையம், மரணச் சகாய நிதி, கோயில் கேணி துப்புரவு என்று பெரியப்பா இருந்த பொறுப்புகளை நான் வாசிக்க, அவர் ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். முடிவில்தான் வாய் திறந்தார்.

"அவர் கூட்டத்துக்குப் போற நாளிலை தண்ணி கட்டினது ஆர் எண்டு எழுதினியோ தம்பி?"

மெஷின் ஓடும்போது வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிட ஓர் ஆள் வேண்டும். பெரியப்பா சங்கக் கூட்டத்தில் இருந்த பின்னேரங்களில் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றவர் பெரியம்மா. வீட்டு விறாந்தையில் கூட்டம் நடந்தால் தேத்தண்ணீர் ஊற்றியவரும் அவரே. வெங்காயம் பிடுங்கும் நாட்களிலும் இதில் மாற்றம் இருக்கவில்லை. அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை; ஒரு கணக்கில் விடுபட்ட வரியைச் சுட்டிக்காட்டும் தொனியில்தான் சொன்னார். ஊருக்கு உழைத்த மனிதர்களைப் பற்றி நாங்கள் எழுதும் கல்வெட்டுகளில் மனைவிக்கு வாய்ப்பது பெரும்பாலும் ஒரு புலம்பல் பாட்டு மட்டுமே. பெரியப்பா மற்றவர்களுக்குக் கொடுத்த நேரத்தில் பாதி பெரியம்மாவுடையது என்று எழுதியிருக்கிறேன்.

2023 ஓகஸ்ட் 17, வியாழன்

இன்று அலுவலகத்தில் ஓய்வில்லை. இரவில் 1990களைப் பற்றிய பகுதியை முடித்தேன்.

போரின்போது வடக்குக்கு அரசு விதித்த பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் விலை எட்டமுடியாத உயரத்துக்குப் போனது. பலர் கைவிட்ட துலாக்களைத் திரும்பவும் நாட்டினார்கள். பெரியப்பாவின் கிணற்றில் ஏழு குடும்பங்களும் எண்ணெயைச் சேர்த்து வாங்கி, மெஷினைக் கிளப்பச் சில சொட்டுப் பெற்றோலை ஊசிமருந்துப் போத்தலில் பாதுகாத்து வைத்திருந்தன.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அவர் சைக்கிளில் கட்டிய உரப்பைக்குள் உடுப்புகளோடு மரணச் சகாய நிதியின் கணக்குப் புத்தகமும் இருந்தது. இடம்பெயர்ந்திருந்த மாதங்களில் இறந்துபோன எங்கள் ஊரவர்களின் செத்தவீட்டுச் செலவுகளை அந்த நிதியிலிருந்தே கொடுத்து, சாவகச்சேரியில் ஒரு மரத்தடியில் இருந்து சிட்டை எழுதினார். 1996இல் ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கூரை போடுமுன் அங்கத்தவர்களைக் கூட்டிக் கணக்குக் காட்டினார். பெரியம்மாவுக்கு அதிலும் ஒரு சொல் இருக்கிறது: மழை வருமுன் கூட்டம் முடிந்தது நல்லதாய்ப் போயிற்றாம்.

2023 ஓகஸ்ட் 20, ஞாயிறு

அண்ணா அழைத்தார். தம்பியாரோடு பகைத்த கதையை ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கேள்வி. ஊருக்கு அது ஏற்கெனவே தெரியும் என்றேன். பதிலாக, சுன்னாகத்து எண்ணெய் விவகாரத்தைச் சேர்க்கும்படி கேட்டார்; அது சரியான யோசனை.

சுன்னாகம் மின்நிலையச் சுற்றாடலில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்து, சனங்கள் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்ற காலத்தில் பெரியப்பாவுக்கு எழுபது கடந்துவிட்டது. எங்கள் கிணற்றில் எண்ணெய் இல்லை. ஆனாலும் போத்தல்களில் தண்ணீர் எடுத்து, எந்தக் கிணறு, எத்தனையாம் திகதி என்று ஒட்டி, பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். நிலத்தடியில் எல்லாம் ஒரே தண்ணீர்தானே என்பது அவருடைய வாதம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மாசுபாட்டை உறுதி செய்து, பாதிக்கப்பட்டவர்களுக்காக இரண்டு கோடி ரூபா செலுத்த உத்தரவிட்ட செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அதே கொப்பியில் ஒட்டியிருந்தார்.

2023 ஓகஸ்ட் 24, வியாழன்

கொட்டாஞ்சேனை அச்சகத்தில் ஒப்புநோக்கல் முடிந்தது. அட்டையில் "சமூக சேவையாளர்" என்ற ஒரு சொல்லை மட்டும் அண்ணாவுக்காக விட்டுக்கொடுத்தேன். உள்ளே இருப்பவை நான் எழுதியபடியே இருக்கின்றன. நல்லூர்த் திருவிழாக் காலமாகையால் யாழ்ப்பாண பஸ்களில் இடம் கிடைப்பது அரிது. பொதியோடு ரயிலில் போவதே நல்லது.

பின்னட்டையின் உட்பக்கம் வெறுமையாக இருந்தது. அண்ணா ஒரு கவிதையை அனுப்பியிருந்தார். பெரியம்மாவிடம் கேட்டபோது, மரணச் சகாய நிதியில் பெரியப்பாவின் பொறுப்பில் இருந்த மீதியையும், அந்தியேட்டியன்று அது புதிய பொருளாளரிடம் ஒப்படைக்கப்படும் என்பதையும் அந்தப் பக்கத்தில் போடும்படி சொன்னார். கவிதைக்கு இடமில்லை. தொகையைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்து நாளை காலை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பத்து மணிக்கு முன் அச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.