ஒரே ஊருக்கு இரண்டு பெயர்: பெல்ஜியத்தைத் தெரிந்துகொண்ட கதை

2016-இல் கணவருக்கு பெல்ஜியத்தில் வேலை உறுதியானதும் நான் முதலில் செய்தது, சென்னையில் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்ததுதான். பெல்ஜியம் என்றால் பிரெஞ்சு என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். நான்கு மாதம் ஒழுங்காகப் படித்தேன். எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் பிரான்சில் ஒரு சொல், பெல்ஜியத்தில் வேறு சொல் என்பதுவரை தெரிந்துகொண்டு விமானம் ஏறினேன்.

வீடு அமைந்தது லூவனுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் நடுவே ஒரு சிற்றூரில். வந்த எட்டு வேலை நாட்களுக்குள் நகராட்சிக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். பிறகு காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து, சொன்ன முகவரியில்தான் இருக்கிறோமா என்று பார்ப்பார். அழைப்பு மணிக்குப் பக்கத்தில் நம் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். அவர் அறிக்கை கொடுத்த பிறகுதான் அடையாள அட்டை.

நகராட்சியில் என் முறை வந்ததும், மனப்பாடம் செய்து வைத்திருந்த பிரெஞ்சு வாக்கியத்தைச் சொன்னேன். கவுண்டரில் இருந்த அம்மா முகம் சுளிக்கவில்லை, ஆனால் பதில் டச்சு மொழியில் வந்தது. நான் திரும்பவும் பிரெஞ்சில் கேட்டேன். அவர் இன்னும் மெதுவாக, இன்னும் தெளிவாக டச்சிலேயே சொன்னார். அவருக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது கண்ணிலேயே தெரிந்தது. கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: அடுத்த முறை டச்சு தெரிந்த ஒருவரை அழைத்து வரவும்.

வெளியே வந்து அழுதேன். தெரிந்துகொண்டே உதவ மறுக்கிறார்கள் என்றுதான் அன்று தோன்றியது.

அழைத்துப் போக எங்களுக்குக் கிடைத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. எழுபதை நெருங்கியவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. நகராட்சியில் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு, அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார வைத்து, ஒரு தாளில் நாட்டை வரைந்து காட்டினார். நடுவே குறுக்காக ஒரு கோடு. மேலே ஃபிளாண்டர்ஸ், டச்சு. கீழே வலோனியா, பிரெஞ்சு. கோட்டுக்குச் சற்று மேலே ஒரு சிறு வட்டம், பிரஸ்ஸல்ஸ், அங்கே இரண்டும். கிழக்கு ஓரத்தில், முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியிடமிருந்து வந்த ஒரு துண்டு, அங்கே ஜெர்மன். தமிழ்நாட்டின் கால் பங்குகூட இல்லாத நாட்டில் இத்தனை.

அந்தக் கோட்டை 1962, 63-இல் சட்டம் போட்டு நிலைப்படுத்தினார்கள். அதற்குப் பிறகு மொழி அங்கே மண்ணோடு போகிறது. நான் யார், எது பேசுவேன் என்று எந்த அலுவலகமும் கேட்காது. எந்த மண்ணில் நிற்கிறேன் என்பதை வைத்து அதன் மொழி முடிவாகிவிடும். கவுண்டரில் இருந்தவர் அந்தச் சட்டத்தைத்தான் கடைப்பிடித்தார். பிரஸ்ஸல்ஸைச் சுற்றி ஆறு ஊர்களில் மட்டும், டச்சு மண்ணாக இருந்தாலும், பிரெஞ்சு பேசுவோருக்குச் சலுகை உண்டு. எங்கள் ஊர் அந்த ஆறில் இல்லை.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்டேன். 1830-இல் நாடு பிறந்தபோது அரசு, நீதிமன்றம், உயர்கல்வி எல்லாம் பிரெஞ்சில் நடந்தன. டச்சு பேசியவர்களே அதிகம் பேர், ஆனால் அது வயலிலும் அடுப்படியிலும் பேசும் பேச்சு என்றே நினைத்தார்கள். ஃபிளாண்டர்ஸில் இருக்கும் கெண்ட் பல்கலைக்கழகமே டச்சுக்கு மாறியது 1930-இல்தான். நாட்டின் அரசியல் சாசனத்துக்கு டச்சில் சட்டப்படி செல்லும் வடிவம் வந்ததே 1967-இல். "என் தாத்தாவைப் பற்றி நீதிபதி பேசியது தாத்தாவுக்கே புரியவில்லை" என்று பாட்டி சொன்னபோது குரல் உயரவில்லை. அந்த ஒரு வாக்கியத்தோடு கவுண்டர் மீதிருந்த என் கோபம் போய்விட்டது.

சரி, டச்சு கற்பது என்று முடிவு செய்தேன். வாரம் இரண்டு மாலை, முதியோர் கல்வி மையத்தில். தொண்டையிலிருந்து உரசி வரும் அந்த 'க'வுக்கு ஒரு மாதம் ஆனது. இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்று தலைகீழாகச் சொல்வார்கள், அது பழக இன்னும் நாளானது. சந்தையில், பேருந்தில் நான் தடுமாறினால் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அன்பினால்தான். ஆனாலும் ஆங்கிலத்திலேயே இருந்திருந்தால் பத்து வருடம் கழித்தும் நான் விருந்தாளியாகத்தான் இருந்திருப்பேன். அதனால் கெஞ்சிக் கேட்டு டச்சிலேயே பேச வைத்தேன்.

அப்புறம் அந்த ரயில். லியேஜ் போக லூவன் நிலையத்தில் நின்றேன். பலகையில் லியேஜ் என்று எந்த வண்டியும் இல்லை. 'லொய்க்' என்று ஒன்று வந்தது, போகட்டும் என்று விட்டுவிட்டேன். லொய்க்தான் லியேஜ். மோன்ஸுக்குக் கோட்டுக்கு மேலே பெர்கன் என்று பெயர், நாமூருக்கு நாமன். அடுத்த வண்டியில் ஏறினேன். லாண்டன் நிலையம்வரை அறிவிப்பு டச்சில் வந்தது. அதைத் தாண்டியதும் அதே நடத்துநர், அதே குரல், பிரெஞ்சில் பேசினார். ஜன்னலுக்கு வெளியே அதே பீட்ரூட் வயல்தான். சென்னையில் படித்தது அன்று முதல்முறையாக உதவியது.

மொழிவாரி மாநிலங்கள் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அங்கே கட்சிகளும் பிரிந்துவிட்டன. 2019 மே மாதம் தேர்தல் வந்தபோது எங்கள் தெருவில் டச்சுக் கட்சிகளின் சுவரொட்டிகள் மட்டுமே. வலோனியாவின் பெரிய தலைவர் ஒருவரைப் பாட்டிக்குப் பிடிக்கும், ஆனால் அவருக்கு ஓட்டுப் போட வழியில்லை. பாதி நாட்டிடம் ஓட்டே கேட்காத கட்சிகள் பிறகு ஒன்றாக உட்கார்ந்து அரசு அமைக்க வேண்டும். 2010 தேர்தலுக்குப் பிறகு அதற்கு 541 நாட்கள் ஆயின. எனக்கு உண்மையில் கவலை தந்தது இதுதான். பெயர்ப் பலகை பழகிவிடும். அந்தப் பக்கத்து மனிதரைக் கேட்கவே வாய்ப்பில்லாமல் போவது வேறு.

பாட்டி 1968-இல், டச்சுப் பிரிவும் பிரெஞ்சுப் பிரிவும் ஒன்றாக இருந்த லூவன் பல்கலைக்கழகத்தில் மாணவி. "வலோனியர்களே வெளியேறுங்கள்" என்று தெருவில் கத்தியவர்களில் ஒருவர். அந்தப் போராட்டத்தில் அரசு கவிழ்ந்தது, பல்கலைக்கழகம் இரண்டானது. பிரெஞ்சுப் பாதிக்காக எல்லைக்கு அந்தப் பக்கம் லூவாங்-லா-நெவ் என்று புது ஊரையே கட்டினார்கள். நூலகப் புத்தகங்களை ஒற்றைப்படை எண் இங்கே, இரட்டைப்படை எண் அங்கே என்று பிரித்துக்கொண்டதைச் சொல்லும்போது மட்டும் பாட்டி தலை குனிந்தார். அந்த ஊர் எங்களிடமிருந்து அரை மணி நேரத் தொலைவு. ஐம்பது வருடத்தில் அவர் ஒருமுறைகூடப் போனதில்லை.

2019 இலையுதிர் காலத்தில் நான் காரோட்ட, இருவரும் போனோம். கார்கள் கீழே ஓட, மேலே மனிதர்கள் நடக்கும்படி கட்டிய ஊர். டின்டின் சித்திரக்கதைகளை வரைந்த ஹெர்ஷேயின் அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. "எங்களுக்கு இவன் கொய்ஃப்யெ" என்றார் பாட்டி. டின்டினுக்கும் டச்சில் வேறு பெயர். பிறகு சதுக்கத்தில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். பணியாள் வந்ததும் நான் பிரெஞ்சில் ஆரம்பித்தேன். பாட்டி என் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு, தானே கேட்டார். ஒரு தடுமாற்றமும் இல்லாத, அழகான பிரெஞ்சு. இந்த மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து அதை நான் கேட்டது அன்றுதான். வெயில் இறங்கும்வரை அங்கேயே இருந்தோம், இரண்டாவது காபியையும் அவரே சொன்னார்.