இரவல் டிரம் செட்டில் மூன்றாவது முறை

மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனில் ஒரு திருமண விருந்து. எனக்கு முன்னால் வாசிக்கும் குழுவின் டிரம்மர் அண்ணன் முதல் நாளே போன் செய்துவிட்டார்: "என் செட்டிலேயே வாசி தம்பி. ஸ்நேர், சிம்பல், பெடல் மட்டும் கொண்டு வந்துரு." ஸ்நேர் முழங்கால்களுக்கு நடுவில் வைக்கும் சின்ன டிரம், சிம்பல் உலோகத் தட்டு, பெடல் பேஸ் டிரம் என்ற பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் மிதி. நான் இருப்பது கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில், ஓட்டுவது மோட்டார். 2021 தொடக்கத்திலிருந்து ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை, மோட்டார் ஏறலாம். சிம்பல் பை முதுகில், ஸ்நேர் முன்னால். முழு செட்டை எப்படிக் கொண்டுபோவது? அதனால் அண்ணன் சொன்னது எனக்குப் பெரிய உதவி.

அடி வாங்கித் தேய்வதும் உடைவதும் அவரவருடையது, மற்றது இரவல் என்பது டிரம்மர்களுக்குள் இருக்கும் வழக்கம். சிம்பலில் ஒரு கீறல் விழுந்தால் அது ஓடிக்கொண்டே போகும், ஒட்டவைக்க முடியாது. அதை அடுத்தவரிடம் கேட்கவே கூடாது.

முதல் முறை இரவல் வாங்கியபோது எல்லாவற்றையும் என் வசதிக்குத் திருப்பி வைத்தேன். செட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்து அவர் வாசிக்க உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்டாண்டாகச் சரிசெய்ததைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் உறுத்துகிறது. இரண்டாவது முறை எதையுமே தொடவில்லை. ஸ்டூல் எனக்கு ரொம்பத் தாழ்வு. நான்காவது பாட்டிலேயே தொடை இறுகிவிட்டது.

இந்த முறை மூன்றை மட்டும் மாற்றலாம் என்று முடிவு செய்தேன்: ஸ்டூல் உயரம், ஸ்நேர் உயரம், ஹைஹேட் (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) உயரம். அண்ணனிடம் கேட்டு, ஒவ்வொரு குழாயிலும் அவர் அளவு இருந்த இடத்தில் டேப் ஒட்டினேன். போனில் படமும் எடுத்துக்கொண்டேன்.

டாம்கள் என்ற நடுத்தர டிரம்களை நகர்த்தவில்லை, தோலை இறுக்கும் சாவியான டிரம் கீயும் அவற்றில் வைக்கவில்லை. அவருடையது 12, 13, 16 அங்குலம், தோலைத் தளர்வாக இறக்கிக் கட்டியிருந்தார். என் வீட்டில் 10, 12, 14. கை பழகிய தூரத்தில் வீசினால் குச்சி விளிம்பில்தான் விழும். அதனால் அவர் வாசித்த நேரம் முழுவதும் மேடை ஓரத்தில் நின்று, 13-லிருந்து 16-க்கு அவர் முழங்கை எவ்வளவு திரும்புகிறது என்றே கவனித்தேன். மாறும் இடைவெளியில் தோலைத் தொடாமல் காற்றிலேயே, வாய்க்குள் "தகிட தகிட" சொல்லிக்கொண்டு எல்லா டாமையும் நான்கு முறை சுற்றி வந்தேன். மூன்று மூன்றாக எண்ணும் ஆறு-எட்டுத் தாளத்துப் பாட்டுகள்தான் அதிகம் என்பதால் இது நன்றாகவே கைகொடுத்தது.

கை கொடுக்காதது பேஸ் டிரம். இரண்டாவது பாட்டிலேயே ஒவ்வொரு உதைக்கும் முன்னால் நகர ஆரம்பித்தது. மேடை வழவழப்பான பலகை, அடியில் கம்பளம் இல்லை. டிரம் காலின் ரப்பரைத் திருகி உள்ளே இருக்கும் இரும்பு முனையை வெளியே எடுத்தால் நிற்கும், ஆனால் அடுத்தவர் மண்டபத்துப் பலகையைக் குத்த எப்படி மனம் வரும்? பாட்டு முடிந்ததும் சிம்பல் பையின் தோள்வாரைக் கழற்றி, பேஸ் டிரம் காலையும் ஸ்டூல் காலையும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். என் எடையே நங்கூரம் ஆனது. மீதி 45 நிமிடமும் அசையவில்லை. கடைசிக் குத்துப் பாட்டில் சின்னப் பிள்ளைகள் மேடைக்கு முன்னால் ஆடியபோது, இது வேறொருவர் செட் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

முடிந்ததும் ஸ்டாண்டுகளை டேப் வரைக்கும் இறக்கி வைத்தேன். அண்ணன் உட்கார்ந்து ஒரு சுற்று தட்டிப் பார்த்தார். "எல்லாம் சரி தம்பி, ஃப்ளோர் டாம் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு." தரையில் நிற்கும் அந்த 16 அங்குல டாமை என் முழங்கால் இடித்திருக்க வேண்டும். அதன் மூன்று கால்களுக்கும் தரையில் அடையாளம் வைக்கத் தோன்றவே இல்லை. அடுத்த முறைக்கு வெள்ளை டேப் ஒரு சுருளும், கட்டுவதற்குத் தனியாக ஒரு வாரும் சிம்பல் பைக்குள் இப்போதே போட்டுவிட்டேன்.