தண்ணீர் வரவில்லையாம்!

தண்ணீரே வரவில்லை என்று எங்கள் வாஷிங் மெஷின் கூப்பாடு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மொட்டை மாடித் தொட்டி காலியாகிவிட்டிருந்தது. முகம் முழுக்கச் சோப்போடு மாடி வீட்டு மாமா "யாருடா அது தண்ணியைத் திறந்து விட்டது?" என்று போட்ட சத்தம் கீழே வரை கேட்டது. அவர் ரகசியம் பேசினாலே தெருமுனை வரை கேட்கும், அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதில் அத்தையின் பங்கு கணிசமானது. துவைத்து முடிந்ததும் மெஷின் ஒரு பாட்டுப் பாடுமே, அதற்கு அத்தை எப்போதும் "இதோ வரேன், வரேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே எழுந்து போவார். அன்றைக்குப் பாட்டு வரவில்லை. வெறும் பீப் பீப். "பாவம், ஏதோ கேக்குது" என்று போய் ஸ்டார்ட் பட்டனை அமுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பீப். மறுபடி பட்டன். நான் வெளியே போய்விட்டுத் திரும்பும் வரை இந்தப் பாசப் பரிமாற்றம் நடந்திருக்கிறது. கேட்கக் கேட்கக் கொடுத்து வளர்த்த பிள்ளையைத்தான் எனக்குக் கட்டி வைத்திருக்கிறார் என்பதால் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

திரையில் தெரிந்த எழுத்துகளைக் கையேட்டில் தேடினால், "தண்ணீர் வரத்தில் கோளாறு, குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கவும்" என்றிருந்தது. குழாய் திறந்துதான் இருந்தது. மெஷினுக்குப் பின்னால் குழாய் மாட்டுகிற இடத்தில் சின்னதாக ஒரு சல்லடை இருக்கும், அதில் மண் அடைத்தால் தண்ணீர் நூலாகத்தான் வரும். கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினேன். மாடித் தொட்டி மறுபடி நிரம்பியதும் தண்ணீர் ஜோராகக் கொட்டியது. அப்புறமும் அதே எழுத்து, அதே அழுகை.

அதற்குள் வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ரங்கமணி வழக்கம்போல "வோல்டேஜ்" என்றார். எங்கள் வீட்டில் தலைவலியே வந்தாலும் அவருக்கு வோல்டேஜ்தான். வீடியோ காலில் வந்த என் தம்பி "கெப்பாசிட்டரை மாத்துக்கா" என்றான். அவனுக்கு ஃபேன், மிக்ஸி, தண்ணி மோட்டார் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே மருந்து. கெப்பாசிட்டர் போனால் மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கும், சரி. தண்ணீர் நிரம்பாததற்கும் அதற்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்டதற்கு, "சிக்னல் வீக்கா இருக்குக்கா" என்று போனை வைத்துவிட்டான். சோப்பைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்த மாமா, மெஷினை ஒரு தட்டு தட்டிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ரங்கமணியைப் பார்த்துத் துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்: "போர்டு போயிடுச்சு தம்பி."

போர்டு போயிடுச்சு என்று சொல்ல ஒன்றும் படித்திருக்க வேண்டியதில்லை. எந்தச் சாமானைப் பார்த்தும் சொல்லலாம். கேட்பவர்களும் மறுபேச்சில்லாமல் தலையாட்டுவார்கள்.

மெஷினுக்குத் தண்ணீரைக் கண்ணால் பார்க்கத் தெரியாது. டிரம்மைச் சுற்றி மெஷினுக்குள் இருக்கும் வெளித் தொட்டியின் அடியில் ஒரு சின்ன அறை, அதிலிருந்து மேலே போகும் மெல்லிய ஒரு டியூப், அதன் நுனியில் ஒரு சென்சார். தண்ணீர் ஏற ஏற டியூபில் மாட்டிக்கொண்ட காற்று அழுந்தும். அந்த அழுத்தத்தை வைத்துத்தான் எவ்வளவு தண்ணீர் நிரம்பியிருக்கிறது என்று அது கணக்குப் போடுகிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் அழுத்தம் ஏறவில்லையா, தண்ணீர் வரவில்லை என்று தீர்ப்பு எழுதிவிடும். வந்த தண்ணீர் எங்கே போனது என்று ஒரு வார்த்தை விசாரிக்காது.

அதனால் மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றினேன். கரண்ட் இல்லாதபோது வெளியேற்றும் வால்வு மூடித்தான் இருக்க வேண்டும். ஊற்றிய தண்ணீர் உள்ளேயே நிற்க வேண்டும். கழிவுக் குழாய் வழியாகக் குளுகுளுவென்று வெளியே வந்தது. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "மேல ஊத்தினா கீழ வருது. இதுக்கு எதுக்கு நடுவுல ஒரு மிஷினு?" என்றார். நியாயமான கேள்விதான்.

ஆக, கோளாறு தண்ணீர் வரும் வழியில் இல்லை, போகும் வழியில். வால்வு சரியாக மூடவில்லை. இதை நான் சொன்னதும் மாமா ரங்கமணியிடம் திரும்பி, "அப்படியா தம்பி?" என்றார். ரங்கமணி சற்று யோசித்துவிட்டு, "இருக்கலாம்" என்றார்.

இணையத்தில் வாஷிங் மெஷின் பிரித்துக் காட்டுகிறார்களே, அந்த மகராசன்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. மெஷின் ஹால் நடுவில் நிற்கிறது. நான்கு பக்கமும் ஆள் நடக்கலாம். ஸ்க்ரூ தொட்டதும் கழன்று வருகிறது. எங்கள் மெஷினோ சுவருக்கும் வாஷ் பேசினுக்கும் நடுவே அடித்து இறக்கியது. அதை இழுத்து வெளியே கொண்டு வருவதுதான் ரிப்பேரில் பாதி. இழுத்த இடத்தில் ஜோடி பிரிந்த சாக்ஸ்களும், துணி கிளிப்புகளும், பள்ளி ஆரம்பித்த வாரமே தொலைந்துபோய்ப் பையன் அழுது புதிது வாங்கிய ஜாமெட்ரி காம்பஸும் இருந்தன. பின்பக்கத் தகட்டில் மற்ற ஸ்க்ரூக்கள் ஒழுங்காகக் கழன்றன. கீழ் மூலையில் இருந்தது மட்டும் துருப்பிடித்து அசைய மறுத்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் அதை வழிக்குக் கொண்டுவர முடிந்தது. அந்த இடைவெளியில் மாமா, "ஏம்மா, தம்பி எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருப்பார்? ஒரு ஸ்டூல் போடேன்" என்றார். கையில் ஸ்க்ரூடிரைவரோடு தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது நான்.

மாமாவின் 'தம்பி'யான ரங்கமணியின் வேலை டார்ச் பிடிப்பது. செல்போன் டார்ச். திருமணமான நாளிலிருந்து நான் பார்த்துவருகிறேன், இவர் எங்கே பார்க்கிறாரோ அங்கேதான் வெளிச்சம் போகும். நான் எங்கே பார்க்க வேண்டும் என்பது அந்தக் கணக்கிலேயே வராது. வால்வு இருக்கும் இடம் மெஷினின் அடிவயிறு. வெளிச்சம் விழுந்ததோ மோட்டார் பெல்ட் மேல். "என்னங்க, கீழே" என்றால் என் கண்ணில் அடிப்பார். மெசேஜ் வந்தால் போனைத் திருப்பி வாசிப்பார், டார்ச் கூரையைப் பார்க்கும். வால்வு மூடியை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிக்கொண்டிருந்த உச்சகட்டத்தில் அவருடைய நண்பர் அழைத்தார். "ஒண்ணுமில்லப்பா, வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்ணிட்டிருக்கேன். ஆமா, வீட்லயே. நாமே பண்ணிக்கலாம்பா, பெரிய வித்தை இல்லை" என்று பேசிக்கொண்டே வராண்டா வரை போய்விட்டார். வெளிச்சமும் கூடவே போனது.

இருட்டில் உட்கார்ந்து, வால்வோடு சேர்ந்த டிரெயின் மோட்டாரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னஞ்சிறு மோட்டார். அதன் வேலை ஒரு கம்பியை இழுப்பது. இழுத்தால் வால்வு திறந்து தண்ணீர் வெளியேறும். அதே இழுப்பில், துவைக்கிற நிலையிலிருந்து பிழிகிற நிலைக்கு டிரம்மும் மாறிக்கொள்ளும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிற ஜீவன் இந்த வீட்டில் இன்னொன்று இருக்கிறது என்று தெரிந்ததில் ஓர் ஆறுதல்.

வெளிச்சம் திரும்பி வந்த பிறகு மூடி கழன்றது. தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் மொத்தமும் என் மடிக்கு வந்தது. உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர், அதற்குள் ஒரு ஸ்பிரிங். ரப்பர் விளிம்பு உட்காரும் பள்ளத்தில், சாம்பல் நிறக் கசடு பூசிக்கொண்டு, குறுக்கே நின்றுகொண்டிருந்தது ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு. விரல் நீளம்கூட இல்லை, ஒரு முனை கூர். நகத்தால் நெம்பி எடுத்துக் குழாயில் காட்டியதும் தெரிந்துவிட்டது. ஆபீஸ் சட்டைக் காலர் விறைப்பாக நிற்பதற்கு உள்ளே செருகியிருப்பார்களே, அந்தப் பட்டை. அலசலில் காலரை விட்டு நழுவி, டிரம் இடுக்கு வழியாக வெளித் தொட்டிக்கு இறங்கி, வால்வின் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மூடப் பார்க்கும், இது விடாது. அந்தச் சந்து வழியாகத்தான் மொட்டை மாடித் தொட்டி முழுவதும் போயிருக்கிறது.

இந்த வீட்டில் ஆபீஸ் சட்டை போடுகிறவர் ஒரே ஒருவர். டார்ச் சற்று நடுங்கியது.

"அதான் பார்த்தேன்" என்றார் ரங்கமணி. "கொஞ்ச நாளா அந்த நீலச் சட்டைல இடது காலர் மட்டும் தொங்கிக்கிட்டே இருந்துச்சு. நீதான் இஸ்திரி சரியா போடலைன்னு நினைச்சேன்."

நினைத்தது மட்டுமா? அந்தக் காலருக்காக நான் ஸ்டார்ச் போட்டிருக்கிறேன். தண்ணீர் தெளித்து இரண்டு பக்கமும் தேய்த்திருக்கிறேன். "அம்மா தேய்ச்சா நிக்கும்" என்ற வாக்கியத்தைக் காதில் வாங்கியிருக்கிறேன். அத்தையும் ஒருநாள் அந்தச் சட்டையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இப்ப வர துணியே சரியில்ல" என்று கௌரவமாக ஒதுங்கிக்கொண்டார். பிளாஸ்டிக் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் எதுவும் பேசவில்லை. மாமாதான் பேசினார். "தம்பி எப்படியோ கண்டுபிடிச்சிட்டாரு, பாருங்க!"

கசடைத் துடைத்து, ரப்பரில் கிழிசல் இல்லை என்று பார்த்து, மூடியைத் திருகி, மறுபடி ஒரு வாளித் தண்ணீர். நின்றது. சொட்டுக்கூட வெளியே வரவில்லை. பிரித்ததோடு பிரித்ததாக, டிரம் அடியில் சுழலும் பல்சேட்டரையும் கழற்றிவிடலாம் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. நடுவில் இருக்கும் ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, விளிம்புக்கு அடியில் இரண்டு பக்கமும் கயிறு கொடுத்து நேராக மேலே இழுக்க வேண்டும். வந்தது. அடியில் பஞ்சும் கரையாத சோப்புத் தூளும் சேர்ந்து களியாக இறுகிக் கிடந்தது. பவுடர் ஒரு ஸ்பூன் கூடப் போட்டால் அழுக்கு ஒரு மடங்கு கூடப் போகும் என்பது ரங்கமணியின் சித்தாந்தம். கூடப் போட்டது அத்தனையும் இங்கேதான் குடியிருந்தது. அதற்குள் சில்லறைக் காசுகள், ஹேர்பின்கள், பட்டன்கள். காசு என்றதும் மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். ஹேர்பின்னுக்கு ஒருவரும் வரவில்லை. இருக்கிற இரண்டு பெண்களில் அத்தை தாம் அந்த வகை வைப்பதில்லை என்று உடனே அறிவித்துவிட்டதால் வழக்கு அதோடு முடிந்தது.

எல்லாவற்றையும் மாட்டி, மெஷினை இருந்த இடத்துக்கே தள்ளி, நாலு காலும் தரையில் சமமாக நிற்கிறதா என்று மேலே கை வைத்து ஆட்டிப் பார்த்து, துணியைப் போட்டு ஓட விட்டேன். நிரம்பியது, துவைத்தது, பிழிந்தது. முடிவில் பாடியது. "இதோ வரேன், வரேன்" என்று அத்தை எழுந்தார்.

மறுநாள் காலை நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கேட்டருகே மாமாவும் இன்னும் இரண்டு பேரும் நிற்க, ரங்கமணி நடுவில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். "டிரெயின் வால்வுதான். தண்ணி வரலைன்னு மெஷின் சொல்லும், நம்பக்கூடாது. உள்ளே காத்தழுத்தம் கம்மியாயிடுச்சு, டயர்ல கம்மியாகுமே, அந்த மாதிரி." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பிளாஸ்டிக் பட்டை யாருடைய காலரிலிருந்து வந்தது என்ற பகுதி மட்டும் அந்த உரையில் எங்கேயும் வரவில்லை. "ஏதோ ஒரு பிளாஸ்டிக்" என்று போய்விட்டது.

மாமா நெகிழ்ந்துவிட்டார். "எங்க வீட்டு மெஷின் பிழியும்போது டமடமன்னு குதிக்குது தம்பி. நகர்ந்து கதவுகிட்டயே வந்துடுது. வந்து ஒரு பார்வை பாருங்களேன்" என்றார். "சாயங்காலம் வரேன் மாமா" என்றார் இவர், கொஞ்சமும் யோசிக்காமல்.

குதித்தால் என்னென்ன இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். நிமிஷத்துக்கு 700 சுற்று என்கிற வேகத்தில் சுற்றும்போது, நனைந்த போர்வை ஒரு பக்கமாகச் சுருண்டிருந்தாலே ஆட்டம் போடும். தரையில் ஒரு கால் பதியாமல் இருக்கலாம். இல்லையென்றால், தொட்டி மொத்தமும் நாலு மூலையிலும் சஸ்பென்ஷன் ராடில் தொங்குகிறதே, அதில் ஒன்று தேய்ந்திருக்கலாம். தொட்டியைக் கையால் அழுத்திவிட்டால் ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும், ஊஞ்சலாடிக்கொண்டே இருந்தால் ராடுதான். இதெல்லாம் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "அந்த ஸ்பானர் செட் எங்கே வச்சே?" என்று மட்டும் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, "நீயும் சும்மா வாயேன், பேச்சுத் துணைக்கு" என்றார்.

வராமல் என்ன? டார்ச் பிடிக்க ஆள் வேண்டாமா? போனை முழுசாக சார்ஜ் போட்டாயிற்று. இவர் இரண்டு கையும் மெஷினுக்குள் விட்ட பிறகு கூப்பிடும்படி என் தங்கையிடம் சொல்லியும் வைத்தாயிற்று. அவள் ஆரம்பித்தால் அரை மணி நேரத்துக்குக் குறைந்து வைக்க மாட்டாள்.