சவ்வும் இறகும்

காயம்பட்ட காட்டுயிர்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்த புதிதில், பழந்தின்னி வௌவாலையும் புள்ளி மூக்கு வாத்தையும் பதிவேட்டில் ‘சிறகுக் காயம்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் எழுதி வந்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரு கிலோ எடை உள்ளவை, இரண்டும் பறப்பவை என்பதால் பராமரிப்பும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பியிருந்தேன். அது என் பிழை.

வௌவாலின் சிறகு, நீண்டு வளர்ந்த விரல் எலும்புகளுக்கு இடையே விரிந்திருக்கும் தோல். விளக்கின் முன் விரித்துப் பிடித்தால் அதில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரியும். அது உயிருள்ள சவ்வு என்பதால் சிறு ஓட்டைகள் சில வாரங்களில் தாமாகவே மூடிக்கொள்ளும். மூடிய இடம் மட்டும் சில காலம் வெளிறித் தெரியும். முழுதாக வளர்ந்த வாத்தின் இறகோ நம் நகத்தைப் போல உயிரற்றது, முறிந்தால் மீண்டும் ஒட்டாது. இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் வாத்து தன் பறப்பு இறகுகள் அனைத்தையும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் உதிர்த்துவிட்டு, புதியவை வளரும் வரை பறக்காமல் இருக்கும். ஆகவே இறகு முறிந்து வந்த வாத்துக்கு மருந்தைவிட எங்கள் பொறுமையே அதிகம் தேவைப்பட்டது. அதன்பின் பதிவேட்டில் ‘சவ்வு’, ‘இறகு’ என்று தனித்தனியாக எழுதத் தொடங்கினேன்.

முதன்முதலில் என்னிடம் வந்த வௌவாலைத் துணி விரித்த பெட்டியில் கிடத்தினேன். அது பெருவிரல் நகத்தால் பெட்டியின் விளிம்பைப் பற்றி ஏறி, தலைகீழாகத் தொங்க இடம் தேடியதைப் பார்த்த பிறகே கூண்டின் மேற்பகுதியில் வலை கட்டிக் கொடுத்தேன். தொங்கும்போது உடலின் எடையே தசைநாண்களை இழுத்துக் கால்விரல்களைப் பூட்டிவிடுவதால், அந்த நிலையில்தான் அதற்கு உண்மையான ஓய்வு.

தாயை இழந்த குட்டிகள் வரும்போது வேறுபாடு இன்னும் பெரிதாகிறது. வாத்துக் குஞ்சு, முட்டையிலிருந்து வெளிவந்த ஓரிரு நாட்களிலேயே நடந்து தானாக இரை தேடும். கதகதப்பைக் கொடுத்துவிட்டு, மனிதரோடு ஒட்டிக்கொள்ளாதபடி நாம் விலகியிருக்க வேண்டும். பழந்தின்னி வௌவால் பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரே குட்டிதான் ஈனும். அது முதல் சில வாரங்கள் தாயின் உடலை விடாமல் பற்றியிருக்கும். வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் மட்டுமே, கையுறை அணிந்து, சுருட்டிய துணியைத் தாயாக நினைத்து அது பற்றிக்கொள்ளச் செய்து, நடு இரவிலும் எழுந்து பால் புகட்டுகிறோம். பால் முடிந்த பிறகும் அந்தச் சிறு நகங்கள் துணியை விடுவதில்லை.