உம் குல்தூமின் மேடை உடையைத் தேடி: கெய்ரோவில் நான் தொலைத்த ஒரு நாள்

எகிப்தின் புகழ்பெற்ற பாடகி உம் குல்தூமின் மேடை உடைகளைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், கெய்ரோவில் டாக்சி ஏறி "உம் குல்தூம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஸமாலிக் பகுதியில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அங்கே இருப்பது அவருடைய சிலை. அவர் வாழ்ந்த வீட்டை இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது ஓட்டல். உடைகள் இருக்கும் அருங்காட்சியகமோ தெற்கே, நைல் நதியில் இருக்கும் ரோடா தீவின் கடைக்கோடியில், மனாஸ்தர்லி அரண்மனை வளாகத்துக்குள் இருக்கிறது. இது தெரியாமல் ஒரு முழு நாளைப் பறிகொடுத்தேன். என் கையில் இருந்ததே இரண்டு நாள்.

குவைத்தில் நர்ஸாக இருக்கிறேன். என்னோடு நைட் டூட்டி பார்க்கும் எகிப்துக்கார அக்காதான் உம் குல்தூமைக் கேட்கப் பழக்கியவர். உம் குல்தூம் ஒரே அடியை நம் நிரவல் போலத் திருப்பித் திருப்பிப் பாடுவார், ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்கும். அக்காவின் அம்மா தையல்காரி. மாதத்தின் முதல் வியாழன் இரவு ரேடியோவில் உம் குல்தூமின் கச்சேரி கேட்டுக்கொண்டே, பத்திரிகைப் படங்களைப் பார்த்து அதே மாதிரி உடை தைத்துக் கொடுப்பாராம். "நேர்ல பார்த்தா கை எதுவரைக்கும் இருக்குன்னு பார்த்துச் சொல்லு, படத்துல கடைசிவரைக்கும் தெரியல" என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தார்.

ஓட்டல் ரிசப்ஷனில் கேட்டேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே தலையாட்டிவிட்டு, ஒரு துண்டுச்சீட்டில் அரபியில் எழுதிக் கொடுத்தார் அங்கே இருந்தவர். மியூசியம் என்று இரண்டு முறை சொன்னேன். அது அவர் காதில் ஏறவே இல்லை. எனக்குப் பேச்சு அரபி கொஞ்சம் வரும், படிக்க வராது. சீட்டை அப்படியே டிரைவரிடம் நீட்டினேன். போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். சிலைக்கு முன்னால் இறக்கிவிட்டு, 200 பவுண்டு நோட்டுக்குச் சில்லறை இல்லை என்று கையை விரித்தார். (சில்லறை மாற்றாமல் டாக்சி ஏறாதீர்கள்.) பக்கத்துக் கட்டடத்தின் காவலாளிதான் விஷயத்தைப் புரியவைத்தார்: "மத்ஹஃப்? ரோடா, ரோடா!" மத்ஹஃப் என்றால் மியூசியம். அந்த ஒரு சொல்லைக் காலையிலேயே சொல்லியிருந்தால் போதும்.

மறுபடி டாக்சி, மறுபடி நெரிசல். போய்ச் சேர்ந்தபோது வாயிற்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். "புக்ரா" என்றார்கள். நாளைக்கு என்று அர்த்தம். மறுநாள் மாலை எனக்கு விமானம். நைல் கரையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் டாக்சியே வேண்டாம் என்று மெட்ரோவில் போனேன். மார் கிர்கிஸ் நிலையத்தில் இறங்கி நைல் பக்கமாக நடந்து, பாலத்தைத் தாண்டினால் ரோடா. வழி கேட்க நேர்ந்தால் "மிக்யாஸ்" என்று கேளுங்கள். நைலின் வெள்ளத்தை அளக்க 861இல் கட்டிய நீர்மானி அது, அருங்காட்சியகத்தை ஒட்டியே இருக்கிறது. நான் கேட்ட எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் உடைகள். நேர் எதிரே நின்றால் நம் முகம்தான் கண்ணாடியில் தெரிகிறது. சற்றுப் பக்கவாட்டில் நின்றால்தான் மணிவேலைப்பாடு கண்ணுக்குப் படும். அவசரமாகப் போகாதீர்கள், ஒரு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே நின்றபோது எனக்கு நினைவில் வந்தது அவருடைய சிறுவயது. பெண் பிள்ளை ஊரார் முன்னால் பாடினால் என்ன பேசுவார்களோ என்று பயந்து, பையனைப் போல அங்கியும் தலைக்கட்டும் போட்டுத்தான் அப்பா அவரைக் கூட்டிப்போவாராம். 1920களில் கெய்ரோவுக்கு வந்த பிறகும் கொஞ்ச காலம் அந்த வேஷத்தை விடவில்லை. அந்தப் பிள்ளைதான் பிறகு இப்படிப்பட்ட உடையில், கையில் பட்டுக் கைக்குட்டையோடு, விடியவிடியப் பாடினார். இஸ்ரேலுடன் நடந்த 1967 போருக்குப் பின் நாட்டுக்காக நிதி திரட்டிப் பாடியதும், அதே ஆண்டு பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் பாடியதும் இப்படித்தான். அந்த மணிகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு கனக்கும்! அதைச் சுமந்துகொண்டுதான் அத்தனை மணி நேரம் நின்றிருக்கிறார்.

அங்கிருந்தே அக்காவுக்கு போன் போட்டேன். டூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"கை?"

"மணிக்கட்டு வரைக்கும் இருக்கு அக்கா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அம்மா சரியாத்தான் தச்சிருக்காங்க" என்றார். பிறகு, "கழுத்து எப்படி? மூடியா, இறக்கமா?"

அதைக் கவனிக்கவில்லை. போனை வைக்காமலே திரும்ப அந்தக் கண்ணாடியிடம் நடந்தேன்.