ஒரே மட்டி, இரண்டு மைட்டோகாண்ட்ரியா: வேலை நாட்குறிப்பு

ஜூன் 3

ஆண் மட்டிகளிலிருந்து ஊசி வழியாக உறிஞ்சி எடுத்த விந்தகத் திரவம் இன்று கைக்கு வந்தது. மட்டியைக் கொல்லாமலே எடுத்தது, அதுவே பெரிய நிம்மதி. உலகில் மிக வேகமாக அழிந்துகொண்டிருக்கும் விலங்குக் கூட்டங்களில் நன்னீர் மட்டிகளும் உண்டு. ஒரு டிஎன்ஏ வரிசைக்காக அவற்றைக் கத்தியில் பிளப்பது எனக்கு ஒவ்வாது.

ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். விந்தணுக்கள் சிறு தலையோடு துடித்துக்கொண்டிருந்தன. இடையிடையே பல கருக்கள் கொத்தாக ஒட்டிய உருண்டைகள். இவற்றுக்கு 'விந்து மொருலா' என்று பெயர். இந்தக் குடும்பத்து ஆண்களிடம் அடிக்கடி தென்படுபவைதான்.

ஒவ்வொரு குப்பியிலும் இனத்தின் பெயரோடு எந்தத் திசு என்பதையும் எழுதச் சொல்லியிருந்தேன்: பாதம், மேலுறை (ஓட்டின் உட்பக்கத் தோல்), விந்து. வேறு விலங்காக இருந்தால் இவ்வளவு கறார் தேவையில்லை. செல்லுக்கு ஆற்றல் தரும், தனக்கென்று டிஎன்ஏ வைத்திருக்கும் மைட்டோகாண்ட்ரியா அம்மா வழியில் மட்டும் வரும் என்பது பாடப்புத்தக விதி. மட்டிகள் அதில் பாதியைத்தான் மதிக்கின்றன. அம்மாவின் மைட்டோகாண்ட்ரியா எல்லாக் குழந்தைகளுக்கும் போகிறது. அப்பாவுடையது மகன்களுக்கு மட்டும் போய், அவர்களின் விந்தகத்தில் நிலைத்துவிடுகிறது. ஆக, ஓர் ஆண் மட்டியின் பாதத்தில் பெரும்பாலும் இருப்பது பெண் வகை. அதே மட்டியின் விந்தணுவில் இருப்பது ஆண் வகை மட்டும்தான்.

ஜூன் 5

இனம் அறியப் பயன்படும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவான காக்ஸ்1-ஐப் பெருக்க, 1994-இல் வந்த ஃபோல்மர் பிரைமர்களைத்தான் (பெருக்கத்தைத் தொடங்கி வைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகள்) இன்றுவரை எல்லாரும் எடுக்கிறார்கள், நாங்களும்தான். மேலுறை மாதிரிகள் சுத்தமாக வந்தன. எழுத்துக்கு ஒரு வண்ண முகடு வர வேண்டிய வரைபடங்களில், விந்தகத் திரவத்திலிருந்து வந்த ஒன்றில் மட்டும் முதல் சில எழுத்துகளுக்குப் பிறகு ஒரே இடத்தில் இரண்டு முகடுகள், நீலத்தின் மேல் சிவப்பு, பச்சையின் மேல் கறுப்பு. அவை சின்ன இரைச்சல் இல்லை, இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம்.

"அக்கா, கன்டாமினேஷன் போல இருக்கு. தூக்கிப் போட்டுடவா?" என்றான் உடன் வேலை செய்யும் தம்பி.

"எந்தத் திசுன்னு முதல்ல பாரு."

"விந்தகம்."

"அப்போ அது கன்டாமினேஷன் இல்லப்பா, ரெண்டு பேரும் உள்ள இருக்காங்க."

விந்தகத் திரவத்தில் விந்தணு மட்டும் இருப்பதில்லை. அதைச் சுற்றிய உடல் திசுவும் சேர்ந்தே வரும். அதனால் இரண்டு வகையும் ஒரே குழாயில் பெருகிவிடுகின்றன. விந்தணுக்களை மட்டும் பிரித்து மறுபடி ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 6

விந்தணு மட்டும். ஒற்றை முகடு. அருமை.

ஜூன் 11

மரம் வரைந்தாயிற்று. இதற்காகத்தான் காத்திருந்தேன்.

ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டில் மூன்றாம் எழுத்தை விட்டுவிட்டேன். இவ்வளவு பழைய பிரிவில் அங்கே எழுத்துகள் திரும்பத் திரும்ப மாறித் தடயம் அழிந்துபோயிருக்கும். புரத வரிசைகளை அடுக்கிப் பார்த்ததில் கிளைகள் இனவாரியாகச் சேரவில்லை. எல்லா இனங்களின் பெண் வகைகளும் ஒரு பக்கம், ஆண் வகைகளும் மறுபக்கம். ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் இனங்கள் தத்தம் வரிசையில் மறுபடி பிரிகின்றன. ஏறத்தாழ ஒரே குடும்ப மரத்தை இருமுறை வரைந்த மாதிரி.

இதை ஒரு மட்டியின் இடத்திலிருந்து யோசித்தால் தலை சுற்றுகிறது. அதன் விந்தணுவில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவுக்கு நெருங்கிய சொந்தம் அதன் சொந்தப் பாதத்தில் இல்லை. வேறோர் ஆற்றில், வேறோர் பேரினத்தில், வேறோர் ஆணின் விந்தணுவில் இருக்கிறது. இனங்கள் தோன்றுவதற்கு முன்பே இரண்டு வழிகளும் பிரிந்துவிட்டன என்பதுதான் பொருள். பிரிந்து 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும் என்பது பரவலான மதிப்பீடு.

வித்தியாசத்தின் அளவைப் பாருங்கள். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் சுமார் 9 சதவீதம் வேறுபாடு. ஒரே ஆண் மட்டியின் இரண்டு வகைகளுக்கு இடையில் 30 சதவீதத்தைத் தாண்டலாம்.

ஜூன் 12

நேற்று எழுதியதற்கு ஒரு தொடர்ச்சி. இந்த இரட்டை மரபு முதலில் தெரியவந்தது கடல் மட்டியான மைட்டிலஸில், 1990-களின் தொடக்கத்தில். நன்னீர் மட்டியான பைகனோடனில் 1996-இல் பதிவானது. ஆனால் இரண்டும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. மைட்டிலஸில் அவ்வப்போது ஒரு பெண் வகை ஆண் பாதைக்குத் தாவி, பழைய ஆண் வகையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது இடைவெளி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நன்னீர் மட்டிகளில் அப்படித் தாவியதற்கு அடையாளமே கிடைக்கவில்லை. அதனால்தான் இடைவெளி இவ்வளவு ஆழம்.

என்ன தடுக்கிறது? எனக்குச் சந்தேகம் காக்ஸ்2 என்ற இன்னொரு மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் மேல்.

ஜூன் 18

காக்ஸ்2 நாள். காலை முழுக்க ஒரே மரபணுவின் கடைசிப் பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வகைகளையும் மேலும் கீழுமாக அடுக்கினால் முதல் பகுதி பொருந்திக்கொண்டே வருகிறது. தாமிர அணுக்களைப் பிடிக்கும் அமினோ அமிலங்கள் இரண்டிலும் அப்படியே இருக்கின்றன. பிறகு பெண் வகையில் டிஏஏ என்ற நிறுத்தக் குறி வருகிறது. கதை முடிந்தது. ஆண் வகை அங்கே நிற்பதில்லை. இன்னும் ஏறக்குறைய 200 குறியீடுகள் தாண்டித்தான் நிற்கிறது. முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியா அகராதியில் டிஜிஏ நிறுத்தக் குறி இல்லை, அது டிரிப்டோஃபான். அட்டவணையைச் சரியாகத் தேர்ந்தெடுக்காமல் மொழிபெயர்த்தால் மரபணுக்கள் கண்ட இடத்தில் துண்டாகித் தெரியும்.

இது பயனற்ற வால் என்று ஒதுக்க முடியாது. வெனுஸ்டகோங்கா எலிப்சிஃபார்மிஸ் என்ற வட அமெரிக்க இனத்தின் விந்தகத்தில் இந்த நீட்சியோடு கூடிய புரதம் உண்மையிலேயே உருவாவதை 2006, 2007 ஆண்டுகளில் காட்டியிருக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் உள் சவ்வில் மட்டுமல்ல, வெளிச் சவ்விலும் அது இருக்கிறது. உள் சவ்வில் ஆற்றல் தயாரிக்கும் சுவாசச் சங்கிலியின் ஒரு புரதத்துக்கு வெளிச் சவ்வில் என்ன வேலை? 'நான் அப்பா வழி, என்னை அழிக்காதே' என்று கருவுற்ற முட்டைக்குக் காட்டும் அடையாளமாக இருக்கலாம் என்கிறார்கள். அது உண்மையானால், வால் இல்லாத பெண் வகை ஆண் பாதைக்குத் தாவவே முடியாது. 12-ஆம் தேதிக் கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் இதுதான். இன்னும் கருதுகோள்தான், ஆனால் சோதிக்கக்கூடியது.

ஒரு முணுமுணுப்பு: தானியங்கி மென்பொருள்கள் மரபணுவின் முடிவை மற்ற விலங்குகளைப் பார்த்து ஊகிக்கின்றன. அவற்றை நம்பினால் இந்த வாலை வெட்டிவிடும். ஏடிபி8-ம் அப்படித்தான். மிகச் சின்ன மரபணு, இனத்துக்கு இனம் உருமாறுவது. மட்டி போன்ற இருமடல் உயிரிகளில் அதைக் 'காணவில்லை' என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். கண்ணால் தேட வேண்டும்.

ஜூன் 19

மரபணுக்கள் எந்த அடுக்கில் நிற்கின்றன என்ற ஒப்பீடு. டிஆர்என்ஏ-ஹிஸ்டிடின் (ஹிஸ்டிடின் அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் ஆர்என்ஏவின் மரபணு) இரண்டு வகைகளில் இரண்டு இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. நன்னீர் மட்டிகளின் கோனிடைனே துணைக்குடும்பத்தின் பெண் வகையில் ஒரு பெரிய துண்டே இடம்பெயர்ந்திருக்கிறது. ஆண் வகை அசையவில்லை. எழுத்துகளில் வேகமாக மாறுவது ஆண் வகை, அடுக்கில் மாறியது பெண் வகை. இந்த முரண் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 24

விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவில் வழக்கமாக உள்ள 37 மரபணுக்களுக்கு வெளியே, வேறு எந்த விலங்கிலும் ஜோடி கிடைக்காத கூடுதல் மரபணு ஒன்று இரண்டு வகைகளிலும் உண்டு. பெண் வகையில் எஃப்-ஓஆர்எஃப், ஆண் வகையில் எம்-ஓஆர்எஃப் (ஓஆர்எஃப் என்றால் புரதமாக மொழிபெயர்க்கக்கூடிய வரிசை). எஃப்-ஓஆர்எஃப் புரதத்தை முட்டையில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, உட்கருச் சவ்விலும் உட்கருவுக்குள்ளும் கண்டிருக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியா புரதம் உட்கருவுக்குள் போவது சாதாரண விஷயமில்லை. இவை வைரஸிலிருந்து வந்தவை என்றொரு யோசனையும் உண்டு. வரிசைகள் இவ்வளவு வேகமாக மாறும்போது அந்த ஒற்றுமையை எவ்வளவு நம்புவது என்று எனக்குத் தயக்கம்.

வலுவான சான்று இருபால் மட்டிகளிடம் இருக்கிறது. அட்டர்பாக்கியா இம்பெசிலிஸ், மார்கரிட்டிஃபெரா ஃபால்கேட்டா போன்ற இனங்களில் ஒரே உடல் முட்டையும் விந்தும் தருகிறது. இவற்றில் ஆண் வகை ஜீனோமே இல்லை. எஃப்-ஓஆர்எஃப் மட்டும் அடையாளம் தெரியாத அளவு மாறிக் கிடக்கிறது. ஒரு முறை நடந்திருந்தால் தற்செயல் எனலாம். தனித்தனிக் கிளைகளில் திரும்பத் திரும்ப நடந்திருப்பதால், பால் நிர்ணயத்தோடு இந்த மரபணுவுக்குத் தொடர்பு உண்டு என்று 2011-இல் முன்வைத்த வாதத்தின் பக்கம் நான் சாய்கிறேன்.

ஜூன் 27

தரவுத்தளத்திலிருந்து இறக்கிய பழைய காக்ஸ்1 வரிசைகளில் திசுவின் பெயர் இல்லாதவற்றைத் தனிக் கோப்பில் வைத்துவிட்டேன். அவற்றில் சில ஆண் வகைக் கிளையில் போய் உட்காருகின்றன. விவரம் தெரியாமல் பார்ப்பவர் புது இனம் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

அடுத்த வேலை: அட்டர்பாக்கியா பேரினத்துக்குள்ளேயே இருபால் இனமும், ஆண்-பெண் தனித்தனியாக உள்ள பெனின்சுலாரிஸ் இனமும் இருப்பதால், அந்த இரண்டின் எஃப்-ஓஆர்எஃப் வரிசைகளை எழுத்து எழுத்தாக ஒப்பிடுவது. அந்தப் புரதத்தில் சவ்வில் செருகும் பகுதி முதலில் எங்கே சிதைந்தது என்று பார்க்க வேண்டும்.