அம்மாவின் பொருத்தனையும் நான்காம் பாத்திரமும்

எங்கள் சபைச் சேகரத்தில் திருவிருந்துக்கான திராட்சரசத்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அம்மாதான் காய்ச்சிக் கொடுத்தார்கள். சனிக்கிழமை காலையிலேயே கறுப்பு உலர்திராட்சையைக் கழுவி ஊறவைத்து, மாலையில் அடுப்பேற்றிக் கொதிக்கவிட்டு, மசித்து, அதற்கென்றே பெட்டியில் வைத்திருந்த ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டுவார்கள். தம்பி மஞ்சள்காமாலையிலிருந்து பிழைத்தெழுந்த ஆண்டில், அந்தத் துணியை, ஆண்டவர் கடைசி இராப்போஜனம் அருந்திய இடமாகக் கருதப்படும் எருசலேமின் மேல்வீட்டறையில் விரித்து அதன்மேல் முழங்காற்படியிட்டு ஜெபிப்பதாக அவர்கள் ஒரு பொருத்தனை செய்திருந்தார்கள். அதை நிறைவேற்றாமலே 2016ஆம் ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். கறை படிந்த அந்தத் துணியைக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு 2018ஆம் ஆண்டின் பரிசுத்த வாரத்தில் நான் புறப்பட்டேன்.

அம்மான் வழியாகப் போன பயணத்தையும், எல்லையில் ஐந்து மணி நேரம் கால்கடுக்க நின்றதையும் விரித்து எழுத மனமில்லை. பெரிய வியாழனன்று சீயோன் மலையில் பட்ட பாட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்று நாம் காணும் மேல்வீட்டறை சிலுவைப்போர்க் காலத்துக் கூர்வளைவுகளும், பின்னர் துருக்கியர் காலத்தில் அமைத்த தொழுகை மாடமும் கொண்ட கூடம் என்பதும், நம் ஆண்டவர் அமர்ந்த அதே சுவர்கள் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இடம் இடந்தானே என்ற நம்பிக்கையோடு படியேறினால், உள்ளே கொடி பிடித்த வழிகாட்டிகள் ஏழெட்டுப் பேர் ஏழெட்டு மொழிகளில் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழுவுக்குக் கொடுத்த நேரம் ஏழே நிமிடம். ஒரு தூணின் ஓரத்தில் துணியைப் பாதி விரிப்பதற்குள் வேறொரு குழுவின் வழிகாட்டி என் தோளைத் தட்டி நகரச் சொல்லிவிட்டார். வெளியே வந்தால் ஒலிவமரச் சிலுவை விற்பவர்களும், புனிதப் பயணச் சான்றிதழுக்குப் பத்து டாலர் கேட்பவரும், இரண்டு தெருத் தூரத்துக்கு ஐம்பது டாலர் கேட்ட வாடகைக்கார் ஓட்டுநரும் மொய்த்துக்கொண்டார்கள். அம்மாவை ஏமாற்றிவிட்டோம் என்ற எண்ணத்தில் அன்று மதியம் நான் உணவைத் தொடவில்லை.

மாலையில் மஹனே யெஹூதா சந்தையில் நின்று, திருவனந்தபுரத்தில் இருக்கும் அண்ணியிடம் மலையாளத்தில் புலம்பிக்கொண்டிருந்தேன். தலையில் சிறு குல்லா அணிந்து, கையில் கசப்புக் கீரைக் கட்டோடு நின்ற ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, “நாட்டில் எவிடெயா, மோளே?” என்று கேட்டார். சேந்தமங்கலத்தில் பிறந்து, 1954ஆம் ஆண்டில் பத்து வயதுச் சிறுவனாகப் பெற்றோருடன் இந்த நாட்டுக்கு வந்த கொச்சி யூதர் அவர். நான் கன்னியாகுமரிக்காரி என்றதும் பக்கத்து ஊர்க்காரியைக் கண்டதுபோல் மலர்ந்துவிட்டார். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையானதை நினைவுகூரும் பஸ்காவுக்குக் கேரளத்துக் கிறிஸ்தவர்களும் யூதர்களும் சொல்வது பெசஹா என்கிற ஒரே சொல்லைத்தான். நாளை இரவு பெசஹா, வீட்டுக்கு வர வேண்டும் என்று அழைத்துவிட்டு, என் தயக்கத்தைக் கண்டு ஒரு விளக்கமும் தந்தார். சாதாரணப் பண்டிகை நாளில் அடுப்பெரித்துச் சமைக்க அனுமதி உண்டு என்பதால், பிற மதத்தாரை அழைத்தால் அவருக்கென்று கூடுதலாகச் சமைக்க நேருமோ என்று முன்னோர்கள் தடை வைத்தார்களாம். இந்த ஆண்டு பண்டிகை ஓய்வுநாளில் வருவதால், சமையல் முழுவதும் சூரியன் மறையுமுன்பே முடிந்துவிடும், ஆகவே அழைப்பதற்குத் தடையே இல்லை என்றார். அழைப்பிலும் நியாயப்பிரமாணம் பார்க்கும் மனிதரை நான் அன்றுதான் கண்டேன்.

அந்த ஆண்டு மார்ச் 30ஆம் தேதி பெரிய வெள்ளியாகவும் பஸ்கா இரவாகவும் அமைந்திருந்தது. பெரிய வெள்ளியன்று விருந்துக்குப் போவதா என்று குழுத்தலைவர் முகம் சுளித்தார். என் மனமும் உறுத்தாமலில்லை. மூன்று மணி ஆராதனைக்குப் பிறகு உபவாசத்தை முடித்துக்கொண்டு, ஓய்வுநாளில் டிராம் ஓடாது என்பதால், தமஸ்கு வாசலருகே இருந்த விடுதியிலிருந்து பெரியவரின் வீடிருந்த நஹ்லாவோத் பகுதியின் குறுகிய சந்துகள் வரை, வலிக்கும் முழங்காலோடு நாற்பது நிமிடம் ஏறி நடந்தேன்.

மேசையில் புளிப்பில்லாத அப்பங்கள் மூன்று பூவேலைத் துணியால் மூடப்பட்டிருந்தன. வழக்கமாக விருந்தில் அப்பத்துக்கே முதல் ஆசீர்வாதம் உரியது. பண்டிகையைப் பரிசுத்தப்படுத்தும் கித்தூஷில் திராட்சரசம் முந்திக்கொள்வதால், அப்பம் அதைக் கண்டு வெட்கப்படாதபடி மூடிவைப்பதாகப் பெரியவரின் பேத்தி காதில் சொன்னாள். பிறகு பெரியவர் எழுந்து, விளிம்புவரை நிரம்பிய வெள்ளிப் பாத்திரத்தை வலக்கையில் ஏந்தி, வெள்ளி இரவு என்பதால் ஆதியாகமத்தின் ஏழாம் நாள் வசனங்களில் தொடங்கி, முதலில் ‘திராட்சச்செடியின் கனியைச் சிருஷ்டித்தவர்’ என்று ரசத்துக்கும், அடுத்து நாளுக்கும் ஆசீர்வாதம் சொன்னார். இந்த வரிசையைப் பற்றிப் பழங்கால யூத போதகர்கள் இருவரின் பள்ளிகள் வாதிட்டனவாம். நாளுக்கான ஆசீர்வாதமே முதலில் வர வேண்டும் என்றது ஷம்மாயின் பள்ளி. ரசத்தையே முதலில் வாழ்த்த வேண்டும் என்றது ஹில்லேலின் பள்ளி. நடைமுறையில் வென்றது ஹில்லேல்தான். கடைசியாக, எங்களை உயிரோடே வைத்து, நிலைநிறுத்தி, இந்த வேளைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் என்ற மூன்றாம் ஆசீர்வாதம் வந்தபோது, இந்த வேளைக்கு வந்து சேராத அம்மாவை நினைத்துத் தலைகுனிந்தேன்.

நான் மது தொடாதவள் என்பதால் பிள்ளைகளோடு எனக்கும் திராட்சைச் சாறுதான். பஸ்கா இரவில் ஒவ்வொருவரும் அருந்த வேண்டிய நான்கு பாத்திரங்களின் கடமைக்கு அதுவும் செல்லும் என்றார்கள். மூன்று நாள் ஊறவைத்த உலர்திராட்சையில் தன் தாய் சேந்தமங்கலத்தில் பஸ்கா ரசம் எடுத்ததைப் பெரியவர் சொன்னபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ஊறவைக்குமுன் பிழிந்தாலே ஈரம் கசிகிற திராட்சையாக இருந்தால்தான் அது ரசமென்று ஆசீர்வதிக்கத் தகுமாம். அம்மாவும் கடையில் ஒவ்வொரு பழமாக விரலால் நசுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

இரண்டாம் பாத்திரத்துக்கு நிரப்பும் நேரத்தில், உதவலாம் என்று நானே மேசை நடுவிலிருந்த ரசக் குப்பியை எட்டி எடுத்தேன். போலந்து நாட்டு வம்சாவளியில் வந்த மருமகனின் கை சட்டென்று குப்பியை நோக்கி நீண்டது. பெரியவர் அமைதியாக ‘மெவுஷால்’ என்று ஒரே சொல் சொன்னார். நீண்ட கை பின்வாங்கியது. மருமகன் சிரித்துத் தலையசைத்துத் தன் குவளையை என் பக்கம் நகர்த்தினார். ஏதோ ஒன்று என்னைச் சுற்றி நடந்தது என்பது மட்டும் புரிந்தது.

அந்த மாமனாருக்கும் மருமகனுக்கும் இடையே இரவு முழுதும் நடந்த செல்லப் பூசலை எழுதாமல் இருக்க முடியாது. மருமகன் மேசையில் இருந்த சோற்றைத் தொடவில்லை. அவர்கள் வழக்கத்தில் பஸ்கா வாரத்துக்கு அரிசி விலக்கு. பெரியவரின் பாத்திரம் 86 மில்லி கொள்வது. மருமகனுடையதோ கடுமையான அளவைப் பின்பற்றி 150 மில்லி. இரண்டாம் பாத்திரத்தைப் பெரியவர் ஆசீர்வாதம் சொல்லாமலே இடப்பக்கம் சாய்ந்து அருந்தினார். மருமகன் மறுபடியும் ஆசீர்வாதம் சொன்னார். பெரியவர் பின்பற்றும், யூதச் சட்ட அறிஞர் யோசேப்பு காரோவின் சட்டநூல்படி, உணவுக்கு முன்வரும் இரண்டு பாத்திரங்களுக்கும் முதல் ஆசீர்வாதமே போதும். உணவுக்குப் பின்னான ஸ்தோத்திரம் அந்தத் தொடர்பை அறுத்துவிடுவதால் மூன்றாவதுக்குப் புதிதாகச் சொல்லி, அதையே நான்காவதுக்கும் கொள்ள வேண்டும். மருமகனைப் போன்ற அஷ்கெனாசி யூதர்களின், அதாவது ஐரோப்பிய வழிவந்தவர்களின் வழக்கத்தில் நான்கும் நான்கு தனிக் கட்டளைகள் என்பதால் நான்கு முறையும் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகளாக ஒரே மேசையில் இரண்டு வழக்கங்களும் நடக்கின்றனவாம்.

யாத்திராகமம் ஆறாம் அதிகாரத்தில் கர்த்தர் சொன்ன நான்கு மீட்பின் வார்த்தைகளுக்கு நான்கு பாத்திரங்கள் என்பது அவர்களுடைய விளக்கங்களில் ஒன்று. இஸ்ரவேலின் பரம ஏழையும், தர்மச் சோறு உண்பவனானாலும், நான்குக்குக் குறையாமல் அருந்த வேண்டும் என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. தேவாலயம் இடிந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத் தொகுக்கப்பட்ட நூல் அது. ஆகவே இந்த ஒழுங்கு முழுவதையும் நம் ஆண்டவரின் கடைசி இரவுக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியாகாது. இருந்தாலும், உணவுக்குப் பிந்திய ஸ்தோத்திரத்தோடு வரும் மூன்றாவதுக்கு ‘ஆசீர்வாதத்தின் பாத்திரம்’ என்று அவர்கள் பெயர் சொன்னபோது, பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதிய அதே சொற்கள் அந்தச் சிறிய அறையில் ஒலித்தன. திருவிருந்து மேசைமுன் நூறுமுறை கேட்டும் எனக்கு உறைக்காத சொற்கள் அவை.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் வேறு ரசம் அருந்தக் கூடாது. பஸ்கா இரவில் யாரும் தன் பாத்திரத்தைத் தானே நிரப்பிக்கொள்வதில்லை என்பதும் அவர்கள் வழக்கம். அன்று எல்லாரும் விடுதலை பெற்ற அரசர்கள், ஒருவருக்கு மற்றவர் ஊற்ற வேண்டும். நான்காவது பாத்திரத்தைப் பெரியவர் என் முன்னே நகர்த்தி, “மோள் ஒழிக்கு” என்றார், மகளே நீ ஊற்று என்று. மேசை சற்று அமைதியானது. நான் எழுந்து ஊற்றினேன். கை நடுங்கியது. ரசம் விளிம்பைத் தாண்டி வழிந்து மேசைவிரிப்பில் பரவியது. “நிறையட்டே” என்று அவர் சிரித்தார். பதற்றத்தில் கைப்பைக்குள் கைவிட்டு, கிடைத்த துணியால் துடைத்தேன். துடைத்த பிறகுதான் அது எந்தத் துணி என்று பார்த்தேன்.

கதவைத் திறந்துவைத்து, ‘உம்மை அறியாத ஜாதிகள்மேல் உக்கிரத்தை ஊற்றிவிடும்’ என்ற சங்கீத வசனத்தை அவர்கள் படித்தபோது, பேத்தி சங்கடத்தோடு என்னைப் பார்த்தாள். துரத்தப்பட்ட ஒரு ஜனத்தின் கூக்குரல் அது என்று எனக்குத் தெரிந்ததால் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஹல்லேல் எனப்படும் துதிச் சங்கீதங்களின் பிற்பகுதியைப் பாடத் தொடங்கினார்கள். எபிரெயம் எனக்குத் தெரியாது. பேத்தி எண்ணைக் காட்டவே, என் தமிழ் வேதாகமத்தில் 116ஆம் சங்கீதத்தைத் திறந்து விரலை ஓட்டிக்கொண்டே போனேன். பதின்மூன்றாம் வசனத்தில் பெரியவர் பாத்திரத்தை உயர்த்தினார்: “இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுவேன்.” அம்மா ரசம் வடிகட்டும்போதெல்லாம் முணுமுணுக்கும் வசனம் அதுதான், ஐயா, அதுதான்! அடுத்த வசனம் பொருத்தனையை அவருடைய ஜனங்கள் எல்லாருக்கும் முன்பாகச் செலுத்துவதைப் பற்றியது. சங்கீதத்தின் கடைசி வசனமோ அதை எருசலேமின் நடுவிலே நிறைவேற்றுவதைச் சொல்கிறது. நான் நாற்காலியிலிருந்து இறங்கி, ஈரத்துணியைத் தரையில் விரித்து முழங்காற்படியிட்டேன். முழங்கால் வலித்ததா என்றுகூட நினைவில்லை. யாரும் என்னை நகரச் சொல்லவில்லை. அவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள், நான் அழுதுகொண்டே இருந்தேன். ஸ்தோத்திரம், ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் எனக்கு வரவில்லை.

நள்ளிரவில் பேத்தியும் அவள் தம்பியும் யாப்பா சாலை வரை துணைக்கு வந்தார்கள். ஓடாத டிராம் தண்டவாளத்தின் ஓரமாக நடந்தபோது, பெரியவர் மேசையில் சொன்ன ‘மெவுஷால்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லின் பொருளை அவளிடம் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்நிய வழிபாட்டில் ரசத்தைப் பலியாக வார்த்த காலத்திலிருந்து, யூதரல்லாதவர் கைபட்ட ரசம் அவர்களுக்கு விலக்கு. விருந்துக் கலப்பு திருமணக் கலப்பாகிவிடக் கூடாது என்பதும் வேலிக்கு ஒரு காரணம். காய்ச்சிய ரசம், அதாவது மெவுஷால், பலிபீடங்களுக்கு உரியதாக இருந்ததில்லை என்பதால், யார் கைபட்டாலும் அதற்குக் குறையில்லை.

கைபட்டால் ஆகாது என்ற சொல் என் பாட்டி காலத்துத் தெற்குத் திருவிதாங்கூரில் எதைக் குறித்தது என்பதை நான் கேட்டு வளர்ந்தவள். நெஞ்சில் முள் தைத்தது உண்மைதான். அதை மறைத்து எழுதினால் இந்தச் சாட்சி பொய்யாகிவிடும். அவள் மேலும் சொன்னாள். காய்ச்சிய ரசம் கித்தூஷுக்குத் தகுமா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டென்பதால், தாத்தா ஒவ்வொரு பஸ்காவுக்கும் காய்ச்சாத நல்ல ரசத்தைத் தேடி வாங்கி மாதக்கணக்கில் காத்துவைப்பாராம். வியாழன் மாலை சந்தையிலிருந்து வந்ததும் அந்தக் குப்பியை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு, மறுபடி கடைக்கு நடந்துபோய் இரண்டு மெவுஷால் குப்பிகளை வாங்கிவந்து, ‘அந்த மோள் கை வைத்தால் யாரும் முகம் மாறக் கூடாது’ என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவைத்தாராம். மருமகன் அதை ஒரு கணம் மறந்துபோனார், அவ்வளவுதான்.

காய்ச்சிய ரசம் என்று அவள் சொன்ன இடத்தில் நான் நின்றுவிட்டேன். அம்மாவின் சனிக்கிழமை அடுப்பும், கொதிக்கும் திராட்சையின் மணமும் அந்த இருட்டுத் தெருவில் வந்து நின்றன.

ஊர் திரும்பிய அடுத்த மாதத் திருவிருந்துக்கு ரசம் காய்ச்சும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வடிகட்டப் புதிதாக ஒரு துணி வாங்கினேன். அந்தப் பழைய துணியை இன்னும் துவைக்கவில்லை.